குணா எழுதிய கடைசித் தாள்

அன்று காலை கம்பெனி பஸ் இருபது நிமிடம் தாமதமாக வந்தது. பாச்சாங் நிறுத்தத்தில் நாங்கள் ஆறேழு பேர் முணுமுணுத்துக்கொண்டு நின்றோம். நான்தான் அதிகம் முணுமுணுத்தேன், அது என் சுபாவம். பஸ் நின்றதும் டிரைவர் பாக்சிக் இறங்கி வந்தார். ஒருநாளும் இருக்கையை விட்டு இறங்காத மனிதர் அவர். என்னைப் பார்த்து, "குணா டா தாக் அடா" என்றார். குணா போய்விட்டார் என்று மலாயில் அவ்வளவுதான் சொன்னார். முந்தின நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வரும்வரை பாக்சிக்தான் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாராம். குணாவுக்கு வயது நாற்பத்து மூன்று. நான் அன்று வேலைக்குப் போகவில்லை. பஸ் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் புக்கிட் ரம்பாயில் எங்களோடு அந்தக் கம்ப்யூட்டர் டிஸ்கெட் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். குணசேகரனை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லூபோக் சீனா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, மெஷின்களோடு வந்த கையேடுகளைப் படித்துப் படித்தே ஆங்கிலம் கற்று, டெக்னீஷியன் ஆனவர். மெஷின் ரிப்பேர் செய்ததற்காக யாரும் அவரை நினைவு வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேண்டீன் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார், அதற்காகத்தான். தாளின் பெயர் 'வலையில் கிடைத்தது'. பாச்சாங்கில் ஒரு சீனர் நடத்திய சைபர் கஃபேயில் சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, இன்டர்நெட்டில் அகப்பட்ட விசித்திரங்களையெல்லாம் தமிழில் எழுதிக் கொண்டுவருவார். அவர் கையெழுத்தை அவரே இரண்டாம் முறை படிக்க முடியாது. ஆகவே ஸ்டோர் கிளார்க்காக இருந்த என்னிடம் கொடுப்பார். நான் அழகாக எழுதி, போட்டோஸ்டேட் எடுத்து, ஆபீசில் முத்திரைச் சாப் வாங்கி ஒட்டுவேன். சாப் குத்தாத எதுவும் அந்தப் போர்டில் ஒரு மணி நேரம் தங்காது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கோப்பிச் சட்டிக்கு எதிரே கேமரா வைத்து உலகத்துக்கே காட்டுகிறார்கள், எழுந்து போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டுச் செய்த ஏற்பாடு அது என்று ஒரு வாரம் எழுதினார். கேண்டீனே சிரித்தது. "நம்ம கேண்டீன் சட்டியையும் காட்டச் சொல்லு தம்பி, அப்பவாச்சும் களுவுவாங்க" என்றார் சோதனைப் பிரிவுப் பார்வதி அக்கா. ஆட்டை நகல் எடுத்த செய்தி வந்த வாரம் பெரிய விவாதமே நடந்தது. முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்குப் பதிலாக நகல் ஆட்டை வெட்டினால் நேர்த்திக்கடன் தீருமா என்று இரண்டு ஷிப்டுக்காரர்களும் அடித்துக்கொண்டார்கள். குணா அடுத்த தாளில், "வலையில் தேடினேன், இதற்கு மட்டும் பதில் இல்லை" என்று எழுதினார்.

தாளின் அடியில் ஒரு கார்ட்டூன் இருக்கும். படம் மட்டும் அவர் கை. வெளிநாட்டுச் சித்திரக் கதைகளை அந்தச் சின்னத் திரையில் பார்த்துப் பார்த்துத் தானாகவே பழகியது. அவருடைய நாயகன் ஓர் ஓவர்டைம் பேய். ராத்திரி ஷிப்டு வந்த பிறகு யாரையும் தனியாகப் பிடித்துப் பயமுறுத்த நேரமே கிடைக்காமல், பிழைப்புக்கு வழியின்றி நம் தொழிற்சாலையிலேயே வேலைக்கு மனுப்போட்ட பேய். மெடிக்கல் செக்கப்பில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் மயங்கி விழுவதோடு ஒரு வாரம் முடிந்தது. அடுத்த திங்கள் வரை என்ன ஆகும் என்று என்னைப் பிடித்துக் கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் இருந்த பெருமையை இப்போது ஒளிக்க விரும்பவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். என் எழுத்தை இருநூறு பேர் நின்று படித்தது அந்தப் போர்டில்தான்.

குணாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எழுதியது தப்பு என்று தெரிந்தால் அடுத்த தாளில் முதல் வரியாகவே அதைப் போடுவார். சீனப் பெருஞ்சுவர் சந்திரனிலிருந்து தெரியும் என்று எழுதினார். இரண்டு வாரம் கழித்து, "தெரியாதாம். நான் சொன்னது தப்பு. மன்னிக்கவும்" என்று எழுதிக் கொண்டுவந்தார். "இதெல்லாம் யார்ணே கேக்கப் போறாங்க, நெலாவுக்கா போகப் போறாங்க" என்றேன். "யாரும் கேக்க வேணாம் வசந்தா. தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிடணும். நாள் போனா நமக்கே சொல்ல வாய் வராது" என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், பேனாவை மூடிக்கொண்டே.

பணியாளர் பிரிவு அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. அவரும் நம்மவர்தான், அதனாலேயே கூடுதல் கண்டிப்பு. ஒருநாள் சாப் குத்திக்கொண்டே என்னிடம் சொன்னார். "என்னம்மா இது, வாராவாரம் சாரி சொல்றாரு. கம்பெனி போர்டுலா இது. இன்னொரு தடவ சாரின்னு வந்துச்சு, இந்த பேப்பரயே நிப்பாட்டிடுவேன், போய் சொல்லு." நான் குணாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் நேரே ஆபீசுக்குள் போய்ச் சண்டை போட்டு அன்றைக்கே தாளை நிறுத்தவைத்திருப்பார்.

போன வருடம் ஆகஸ்டில் சூரிய கிரகணம் வந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில், சரியாக நமக்குத் தேநீர் இடைவேளை. அந்த வாரத் தாளில் குணா அதைப் பற்றி எழுதினார். கிரகணத்தில் சோறு கெடாது, கர்ப்பிணிகள் நடமாடலாம், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்க வேண்டியதில்லை என்று எழுதினார். அவ்வளவும் சரி. கடைசி வரியில், டிஸ்கெட்டுக்குள் இருக்கும் பழுப்புத் தட்டை இரண்டாக அடுக்கி அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கலாம் என்று யாரோ ஓர் ஆர்வக்காரர் வலையில் போட்டிருந்ததையும் எடுத்து எழுதினார். நம்மிடம் தட்டுக்கா பஞ்சம். ரிஜெக்ட் பெட்டியில் மலையாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஆளுக்கு ஒரு ஜோடி பாக்கெட்டில் வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் குணா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் வேர்வை. சைபர் கஃபேயிலிருந்து நேரே வந்திருந்தார். வேறு பக்கங்களைத் தேடிப் பார்த்ததில், அந்தத் தட்டு வெளிச்சத்தைக் குறைக்குமே தவிரக் கண்ணைச் சுடுகிற கதிரைத் தடுக்காது என்று போட்டிருந்ததாம். கண் கூசாததால் நிறைய நேரம் பார்ப்பார்கள், அதுதான் இன்னும் ஆபத்து என்றார். அவருடைய மாமியாரை லூபோக் சீனாவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மறுநாள் விடியும்போதே குடும்பத்தோடு கிளம்ப வேண்டும், வெள்ளியும் சனியும் லீவு. எழுதிய தாளை என் கையில் கொடுத்தார். "நாளைக்குக் காலைலயே ஒட்டிடு வசந்தா. திங்கக்கிளம வரைக்கும் வைக்காத."

வெள்ளிக்கிழமை காலை அதை அழகாக எழுதி, கோப்பில் வைத்து, ஆபீஸ் கதவு வரை போனேன். உள்ளே அதிகாரி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். தாளின் முதல் வரியிலேயே 'மன்னிக்கவும்' இருந்தது. இதைக் கொடுத்தால் இன்றோடு தாள் முடிந்தது என்று எனக்குத் தெரியும். நின்று யோசித்தேன். யோசித்தது இதுதான். கிரகணம் என்றால் நம் ஆட்கள் யார் வெளியே வரப் போகிறார்கள். கோயிலையே சாத்தி வைக்கிற ஜனம். தாளில் என்னதான் எழுதினாலும் நேரம் வந்ததும் எல்லாரும் கேண்டீனுக்குள் ஒடுங்கிவிடுவார்கள், திங்கட்கிழமை இதைச் சாவகாசமாக வேறு மாதிரி எழுதி ஒட்டிக்கொள்ளலாம். கோப்பை மூடிக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்பிவிட்டேன். சாயங்காலம் குணா லூபோக் சீனாவில் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டார். "ஒட்டியாச்சா?" என்றார். "ஒட்டிட்டேண்ணே" என்றேன்.

மறுநாள் மணியடித்ததும் எல்லாரும் திடலுக்குத்தான் போனார்கள். ஒருவர்கூடக் கேண்டீனில் இல்லை. இரண்டு வருடமாக அந்த மனிதர் வாராவாரம் எழுதியதை நம்பியிருக்கிறார்கள், கூடவே நின்ற எனக்குத்தான் அது தெரியவில்லை. இளவட்டங்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிகரெட் பிடிக்கப் போய்விட்டார்கள். பார்வதி அக்கா மட்டும் தட்டைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அவருக்கு ஐம்பது வயது. தோட்டத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கிரகணம் என்றால் லயத்து வீட்டுக்குள் போட்டு, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு அடைப்பார்களாம். "அம்பது வருசமா என்னமோ பூதம் வருதுன்னு நெனச்சேன் வசந்தா. பாரு, நெலா மாதிரி கீத்தா நிக்குது" என்று சொல்லிச் சிரித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"போதும்க்கா, ரொம்பப் பாக்காதீங்க" என்றேன்.

"பாக்கலாம்னு குணா எளுதியிருக்கானே. நீதானே எளுதி ஒட்டுன" என்றார், தட்டை எடுக்காமலே.

அப்போதுகூட நான் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இடைவேளை முடிகிற மணி அடிக்கிறவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குக் காலண்டரில் தேதி தெரியவில்லை. தேதியைச் சுற்றி இருக்கிற கட்டம் தெரிகிறது, தேதி இருக்கிற இடத்தில் ஓர் அழுக்கு. இரண்டு கண்ணிலும் அப்படியே. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் விழித்திரையின் நடுவில் சுட்டுவிட்டது என்று சொல்லி, ஆறலாம், ஆறாமலும் போகலாம் என்றார். ஆறவில்லை. மைக்ராஸ்கோப்பில் டிஸ்கெட் சோதிக்கிற வேலையிலிருந்து அவரைப் பெட்டி மடிக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும், அதற்குப் பிறகு அக்கா யாரையும் நேராகப் பார்க்க மாட்டார். ஒருவர் முகம் தெரிய வேண்டுமென்றால் அந்த முகத்துக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். தெரியாதவர்கள் அதைக் கர்வம் என்று நினைத்தார்கள்.

திங்கட்கிழமை குணா வந்து போர்டைப் பார்த்தார். பழைய தாள்தான் இருந்தது. என்னிடம் வந்தார். "ஆபீசர் கிளிச்சிட்டாருண்ணே" என்றேன். அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் திரும்பிப் போய்விட்டார். அன்று மத்தியானமே நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தார், தாளில் வந்த எல்லாவற்றுக்கும் தான் ஒருவனே பொறுப்பு, வேறு யாருக்கும் சம்பந்தமில்லை என்று. எச்சரிக்கைக் கடிதம் அவருக்கு வந்தது. தாள் நின்றது. நான் எதைக் காப்பாற்ற அப்படிச் செய்தேனோ அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அதன் பிறகு அவர் சைபர் கஃபே பக்கம் போகவில்லை. அந்தச் சீனர் என்னிடம் இரண்டு முறை விசாரித்தார். மாதம் ஒருமுறை மச்சானின் காரை இரவல் வாங்கிப் பார்வதி அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய்த் தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து விளம்பரம் வரை படித்துக் காட்டுவார். ஒரு தடவை நான் தற்செயலாக அங்கே போனபோது, படித்து முடித்துக் கிளம்பும் நேரம் அது. குணா கையைக் கூப்பிக்கொண்டு, "மன்னிச்சிடுங்கக்கா" என்றார். அக்கா அவர் காதுப் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒவ்வொரு வாரமும் எதுக்குத் தம்பி இது. போ, போய் சாப்பிடு" என்றார். நான் சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டேன்.

குணாவின் வீட்டுக்கும் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். மாதத்தில் இரண்டு தடவையாவது. அவர் மனைவி செல்வி கோப்பி போடுவார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கம்பெனியில் போனஸ் உண்டா இல்லையா, யாருக்குக் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவேன். நாங்கள் பழையபடி இருக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, செல்வி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒன்றை எடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அந்தத் திங்கக்கிளம அவரு ஆபீசர்கிட்ட சண்டைக்குப் போனாரு வசந்தா. ஏன் பேப்பர கிளிச்சேன்னு. எங்கிட்ட யாரும் ஒரு பேப்பரும் கொண்டாரலயேன்னு அவரு சொல்லிட்டாராம். வீட்டுக்கு வந்து சாப்பிடல. விசயத்த சொன்னாரு. வசந்தாவ கூப்ட்டு கேட்டுடுங்கன்னு சொன்னேன். வேணாம் செல்வி, அவளே ஒரு நாளு வந்து சொல்லுவா, அதுவரைக்கும் நாம கேக்கக்கூடாதுன்னாரு."

என் கை நின்றுவிட்டது.

"நீ வர்றப்பலாம் அவரு டிவிய அடச்சிடுவாரு, பாத்திருக்கியா? இன்னிக்குச் சொல்லுவான்னு உக்காந்திருப்பாரு. நீ போன பெறகுதான் திருப்பிப் போடுவாரு." செல்வி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "உன்ன திட்டணும்னு சொல்லல. எனக்கு இத வச்சிருக்க முடியல."

நான் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்குப் போகவில்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்குப் போய், துணி அலமாரியின் அடியில் கோப்போடு கிடந்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் பார்வதி அக்கா வீட்டுக்குப் போனேன். பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது. அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குணாவின் சாவு வீட்டில் அவர் இறந்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, முகம் தெரியத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்ததை நான் பார்த்திருந்தேன். தாளை அவர் மடியில் வைத்தேன்.

"என்னா இது? படி" என்றார்.

படித்தேன். "மன்னிக்கவும். போன தாளில் டிஸ்கெட் தட்டு வழியாகச் சூரியனைப் பார்க்கலாம் என்று எழுதினேன். அது தப்பு. பார்க்கவே கூடாது, கண் போய்விடும். அட்டையில் ஊசியால் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தரையில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். அதில் கிரகணம் தெரியும். உள்ளே ஒளிய வேண்டாம், நேராகவும் பார்க்க வேண்டாம். குணா."

"எப்ப எளுதுனது?"

"வியாழக்கிளமக்கா. கெரகணத்துக்கு முந்தின வியாழன். எங்கிட்ட குடுத்தாரு. நான் ஒட்டல."

அக்கா தாளை வாங்கி இரு கையாலும் தடவிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை.

"அவனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்க்கா. அன்னிக்கே தெரிஞ்சிருக்கு."

"அப்ப வாராவாரம் எங்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டானே," என்று என் முகத்துக்குப் பக்கத்தில் பார்த்துச் சொன்னார். "அதுல பாதி உன்னோடதா?"

"ஆமாக்கா."

அவர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அது அவரிடமே இருக்கட்டும், அவருக்கு எழுதியதுதான் அது. நான் குணாவின் எதையாவது வைத்திருக்கிறேன் என்றால் பார்வதி அக்கா சொன்ன அந்தப் பாதியைத்தான். பதினாலு மாதம் அவர் அதைச் சுமந்தார், ஒருநாளும் என்னை வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. இப்போது உங்கள் எல்லாருக்கும் தெரிய நான் வாங்கிக்கொள்கிறேன்.